ஒப்புக்கு இரண்டு பேர்

ஒடேலியா நார்சிஸை ஜூரியில் உட்காரச் சொல்லி லூசியானாவின் கோத்வில் நீதிமன்றம் அதுவரை நான்கு முறை அழைத்திருந்தது. நான்கு முறையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பியிருந்தது. முதல் தடவை, அரசு வக்கீலின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை என்று காரணம். அடுத்த தடவை முகத்தையே பார்த்துப் பதில் சொன்னாள். முறைக்கிறாள் என்று காரணம். அதற்கடுத்து, தொப்பி பெரிதாக இருக்கிறதாம். கடைசியாக, அவள் உட்கார்ந்த தோரணை சரியில்லையாம். தோலின் நிறத்தைக் காரணம் காட்டி யாரையும் விலக்கக் கூடாது என்று சட்டம் சொல்லியிருந்தது. அதனால் தோலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காரணமாகச் சொன்னார்கள். சட்டத்தை மீறினார்கள் என்று யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது.

இந்தக் காரணங்களெல்லாம் நீதிபதியின் மேசையருகே கிசுகிசுப்பாகச் சொல்லப்படுகிறவை. ஆனால் அங்கே உட்கார்ந்து தட்டச்சு செய்கிற பெண் தலைமுடிக்கு வருவது ஒடேலியாவின் கடைக்குத்தான். சுடுதண்ணீரில் தலையைச் சாய்த்தபிறகு எந்த ரகசியம் தங்கும்?

"இந்தத் தடவையாவது கொஞ்சம் சிரிச்ச முகமா உக்காரு சிஸ்டர்," என்றாள் யூலா மே. இருவரும் ஒரே சர்ச்சில் பாடுகிறவர்கள். தலை நிறையச் சுருள் மாட்டிக்கொண்டு உலர்த்தியின் கீழே உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்குச் சிரிக்கணும்? பல்லுல குறை கண்டுபிடிக்கவா?"

"பேசாம உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டுக் கடையைப் பாரு. அவங்களும் உன்னை எடுக்கப் போறதில்ல, நீயும் அடங்கப் போறதில்ல."

"கூப்பிட்டாங்கல்ல? போவேன். வேணாம்னு அவங்க வாயால சொல்லட்டும்."

"சொல்லத்தான் போறாங்க. உனக்குக் கெளுத்தி மீன் வாங்கி வைக்கிறேன், மத்தியானம் வந்து தின்னு," என்றாள் யூலா மே. கடையே சிரித்தது. ஒடேலியாவும் சிரித்தாள், ஆனால் அவளுக்கு உள்ளே எரிந்தது. வரி கட்டுகிற ஊர், கணவனைப் புதைத்த ஊர். அந்த ஊரில் ஒரு நாற்காலியில் உட்கார அவளுக்குத் தகுதியில்லை என்று நாலு தடவை சொல்லியாகிவிட்டது. கோபம் வராமல் என்ன செய்யும்?

ஐந்தாவது அழைப்பில், குற்றம் சாட்டப்பட்ட பையனின் பெயர் டெரான் செமியன். பத்தொன்பது வயது. யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு. கை நீளம் அதிகமாகி விரல்களை மூடியிருந்தது. நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க் கடையில், துப்பாக்கியைக் காட்டிக் கல்லாவைக் காலி செய்தான் என்று வழக்கு. குற்றம் உறுதியானால் தொண்ணூற்றொன்பது வருடம் வரைக்கும் கைதிகளை வயலில் வேலை வாங்கும் சிறைப் பண்ணை, பரோல் கிடையாது. இதை ஜூரிகளிடம் யாரும் சொல்லவில்லை. லூசியானாவில் அதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை.

அரசு வக்கீல் கிரேக் ஃபோரே கேள்வி கேட்பதில் கெட்டிக்காரர். குரலை உயர்த்த மாட்டார், சிரித்துக்கொண்டே கேட்பார், சிரித்துக்கொண்டே அடித்துவிடுவார். மருத்துவமனை நர்ஸ் ஒருத்தி போனாள். சர்க்கரை ஆலைக்காரர் ஒருவர் போனார். கணக்கு வாத்தியார் ஒருவர் போனார், நிறைய யோசிக்கிறவர் என்று. எல்லாரும் ஒடேலியாவின் நிறம். அவரவர் பையை எடுத்துக்கொண்டு, தலையைக் குனியாமல், வெளியே போனார்கள். ஒடேலியாவும் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"மிஸஸ் நார்சிஸ்," என்றார் ஃபோரே, "உங்க தம்பியைக் கொன்னவனை எங்க ஆபீஸ்தான் உள்ள தள்ளுச்சு, இல்லையா?"

"ஆமா."

"அதுல உங்களுக்குத் திருப்திதானே மேடம்?"

"சரியான ஆளைப் பிடிச்சாங்க. அதனால திருப்தி."

ஃபோரே தலையாட்டிக்கொண்டே காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டார். அவர் காதில் விழுந்தது 'திருப்தி' என்ற ஒரு சொல்தான். 'சரியான ஆளை' என்பது விழவேயில்லை. வக்கீல்களுக்கு இது பழைய வியாதி; ஒரு மனுஷியை இரண்டு கேள்வியில் எடை போட்டுவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

பையன் தரப்பு வக்கீல் மிஸ் டால்டன் இன்னொரு ரகம். சம்பளம் அரசாங்கத்துடையது, வழக்குகள் தலைக்குமேல், கண்ணுக்குக் கீழே கருவளையம். வேண்டாதவர்களை விலக்க அவளுக்கு இருந்த வாய்ப்புகளை முதல் வரிசையிலேயே தீர்த்துவிட்டாள். அதற்கப்புறம் வந்தார் ராய்ஸ் மூட்டோன். ஆயுள் முழுக்கச் சிறைப் பண்ணையில் காவலராக இருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர், கழுத்து எருது போல. அவரைப் பார்த்ததும் ஃபோரேவின் முகம் மலர்ந்தது; டால்டன் கண்ணை மூடிக்கொண்டாள். விலக்க அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. மூட்டோன் பதினோராவது நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

ஒடேலியாவுக்கு ஏழாவது நாற்காலி. நான்காவதில் அல்சீட் மெட்டோயர், எண்பதை நெருங்கும் மனிதர், ஆற்றுக்கு அந்தப்பக்கத்துச் சர்ச்சில் ஊழியம் செய்கிற டீக்கன். பன்னிரண்டு பேரில் கறுப்பர் அவர்கள் இருவர்தான்.

கடைசியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று ஒடேலியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. யூலா மே வாங்கி வைத்த மீனை யூலா மேயே தின்னட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பெருமை மறுநாள் இடைவேளை வரைக்கும் இருந்தது.

தாழ்வாரத்தில் காபி இயந்திரத்தின் பக்கத்தில் அல்சீட் நின்றிருந்தார். வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது. அதனால் அவர் நாற்காலிகளைப் பற்றிப் பேசினார்.

"உங்களுக்கு இது முதல் தடவையா சிஸ்டர்?"

"நாலு தடவை அனுப்பிட்டு இப்பத்தான் விட்டாங்க பிரதர். உங்களுக்கு?"

"நான் மூணு ஜூரியில உக்காந்தாச்சு. இது நாலாவது. என்னை அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்." அவர் காபியை ஊதினார். "ஏன் ரெண்டு பேரு வச்சிருக்காங்கன்னு யோசிச்சீங்களா?"

"ஏன்?"

"இந்த ஸ்டேட்டுல பன்னெண்டு பேரும் ஒத்துக்கணும்னு இல்ல. பத்துப் பேர் கை தூக்கினா ஆளு உள்ள போயிடுவான். மூணு பேரை வச்சா ஆபத்து. யாரையுமே வைக்கலன்னா பேப்பர்காரன் எழுதுவான். ரெண்டுதான் சரியான அளவு. கம்போ குழம்புல போடற பிரிஞ்சி இலை மாதிரி நாம. வாசத்துக்குப் போடுவாங்க. திங்கும்போது எடுத்து ஓரமா வச்சிருவாங்க."

ஒப்புக்குச் சப்பாணி. இந்த வயதில், இந்தத் தொப்பியோடு, ஒப்புக்குச் சப்பாணியாக உட்கார்ந்திருக்கிறாள்.

"அந்த மூணு தடவையும் நீங்க என்ன பண்ணீங்க?"

"குத்தவாளி இல்லன்னு சொன்னேன். சரின்னு கேட்டுக்கிட்டாங்க. ஒரு தடவை மட்டும் கோர்ட்டுல ஒவ்வொருத்தரையா எழுப்பி, 'இதுதான் உங்க தீர்ப்பா'ன்னு கேட்டாங்க. வக்கீல் கேட்டாத்தான் அப்படிக் கேப்பாங்க. இல்லைன்னேன். உக்காருங்கன்னாங்க. உக்காந்தேன். வீட்டுக்குப் போய் ராத்திரி சாப்பாடு சாப்பிட்டேன்."

"சாப்பாடு எறங்குச்சா?"

கிழவர் அவளைப் பார்த்தார். காபிக் கோப்பையைக் குப்பையில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

அதற்குமேல் ஒடேலியா சாட்சிகளை ஒரே கணக்கோடுதான் கேட்டாள்: மூன்றாவதாக ஒருவர் வேண்டும். இந்தப் பத்து வெள்ளை முகங்களில் ஒன்று திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அந்தப் பையன் தாடி நரைத்துப் பண்ணையிலேயே சாவான்.

வழக்கு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கல்லாவில் இருந்த பெண் பயந்து நடுங்கிக்கொண்டே சொன்னாள்: தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தான், துப்பாக்கியைத்தான் பார்த்தேன், முகத்தையும் கொஞ்சம் பார்த்தேன். மறுநாள் ஷெரீஃப் ஆபீஸிலிருந்து ஒருவர் படம் ஒன்றைக் கொண்டுவந்து இவனா என்று கேட்டார், ஆமாம் என்றேன். துப்பாக்கி கிடைக்கவில்லை. பணமும் கிடைக்கவில்லை. பிறகு பையனின் அத்தை வெர்னெல் கூண்டில் ஏறினாள். அன்றைக்கு வீட்டில் கிராஃபிஷ் இறால் வேகவைத்தோம், அவன்தான் அண்டாவைக் கிளறினான், எங்கும் போகவில்லை என்றாள்.

"நீங்க அவனுக்கு அத்தைதானே மேடம்?" என்றார் ஃபோரே.

"ஆமா."

"நன்றி. வேற கேள்வி இல்ல." வெர்னெல் இறங்கவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் கொஞ்ச நேரம் கூண்டிலேயே இருந்தாள்.

ஜூரி அறையில் எல்லாருக்கும் காபி ஊற்றி முடிப்பதற்குள் ஜூரித் தலைவர் கென்ட் பிராசோ வாக்கெடுப்பையே நடத்திவிட்டார். இன்ஷூரன்ஸ் விற்கிறவர், எதையும் சீக்கிரம் முடித்துக் கையெழுத்து வாங்கிவிடுகிற பழக்கம்.

"குத்தவாளின்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க."

பத்துக் கைகள் எழுந்தன. அல்சீடின் கைகள் மடியில் இருந்தன. ஒடேலியாவின் கைகள் மேசையைப் பிடித்திருந்தன.

"பத்து. முடிஞ்சுது," என்றார் பிராசோ. "ஒடேலியா, அல்சீட், உங்க கருத்தையும் நாங்க மதிக்கிறோம்."

"என்ன கருத்து? நான் இன்னும் வாயே தொறக்கல."

"பத்து இருந்தாப் போதும்மா. சட்டம் அது."

"சரி. அதுக்கு முன்னாடி ஒண்ணு. அவரை மிஸ்டர் மூட்டோன்னு கூப்பிட்டீங்க. அதோ அந்தச் சின்னப் பொண்ணை மிஸ் கார்லான்னு கூப்பிட்டீங்க. எனக்குப் பேரு மிஸஸ் நார்சிஸ். இவரு மிஸ்டர் மெட்டோயர். உங்க வீட்டு வேலைக்கு நாங்க வரல."

பிராசோவின் காது சிவந்தது. அவர் எழுந்து கதவைத் தட்டப் போனார். உள்ளிருந்து தட்டினால்தான் வெளியே இருக்கிற காவலர் வந்து தீர்ப்பு தயார் என்று நீதிபதியிடம் போய்ச் சொல்வார். ஒடேலியா அவருக்கு முன்னால் எழுந்தாள். தன் நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுத்துப் போய்க் கதவோடு ஒட்டிப் போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டாள். கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. அவளுக்குக் கனத்த உடம்பு. அதை அவள் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை, இன்றைக்கு ரொம்பவே வசதியாகப் போயிற்று.

"என்ன பண்றீங்க?"

"உங்ககிட்ட பத்து ஓட்டு இருக்கு. எங்கிட்ட கதவு இருக்கு."

"இது கோர்ட்டு அவமதிப்பு, தெரியுமா?"

"தெரியும். கதவைத் தட்டி ஜட்ஜ்கிட்ட சொல்லுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கத்தினால் வெளியே கேட்கும்தான். ஆனால் ஒரு பொம்பளையை நாற்காலியோடு தூக்கி நகர்த்த ஆள் வேண்டும் என்று எப்படிக் கத்துவது? பிராசோ திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு மணி நேரம்," என்றாள் ஒடேலியா. "கேஸைப் பத்திப் பேசுங்க. ஒரு பையனோட ஆயுசு இது. காபி ஆறறதுக்குள்ள முடிக்கிற விஷயமா? பேசி முடிங்க, நானே எழுந்து கதவைத் தொறந்து விடறேன். சொன்னா சொன்னதுதான்."

மற்றவர்கள் சன்னலைப் பார்த்தார்கள், நகத்தைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. "சாப்பாடு வந்திருக்கு," என்றது காவலரின் குரல்.

"அங்கயே வைங்க. பேசிட்டு இருக்கோம்," என்றாள் ஒடேலியா திரும்பாமல்.

பொரித்த கெளுத்தியும் மசாலாச் சோறும். கதவுக்கு அடியிலிருந்து வாசம் வந்து அறை முழுக்கப் பரவியது. உணவகத்தில் பரிமாறுகிற பெண் கார்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பசிக்குது மேடம்."

"எனக்கும்தான் பேபி. பேசு. பேசினா சீக்கிரம் முடியும்."

ராய்ஸ் மூட்டோன் அப்போது சிரித்தார். குரல் கரகரப்பாக இருந்தது. "முப்பது வருஷம் ஜெயில்ல இருந்தேன். உள்ள இருக்கிறவங்க கதவை ஒடைச்சுத் தொறக்கப் பாப்பாங்க. உள்ள இருந்துகிட்டு அடைச்சவங்களை இப்பத்தான் பாக்கறேன். சரி, என்ன பேசணும்? பேசித் தொலைப்போம்."

"அந்தக் கல்லாப் பொண்ணு பொய் சொல்லலன்னு நானும் ஒத்துக்கறேன்," என்றாள் ஒடேலியா. "பயந்துட்டா, பாவம். ஆனா அவகிட்ட எத்தனை படம் காட்டினாங்க?"

"ஒண்ணு," என்றாள் கார்லா.

"ஒண்ணே ஒண்ணு. அதுவும் போலீஸ்காரர் கொண்டு வந்து காட்டறாரு. யாரு இல்லைம்பாங்க?"

"அதுக்காக அவன் நிரபராதியா ஆயிடுவானா?" என்றார் பிராசோ. "உங்க தம்பியையே கொன்னிருக்காங்க. நீங்க இப்படிப் பேசலாமா?"

ஒடேலியா எழுந்தே விட்டிருப்பாள். நாற்காலி ஞாபகம் வந்து உட்கார்ந்தாள். "என் தம்பி பேரை நீங்க எடுத்ததால சொல்றேன். அவனைக் கொன்னவனை மூணு பேரு கண்ணால பாத்தாங்க. கத்தி அவன் வண்டியில இருந்துச்சு. அன்னிக்கு வேற எவனையாவது பிடிச்சிட்டு வந்து, 'இந்தா, இவன்தான், திருப்தியா'ன்னு குடுத்திருந்தா, கொன்னவன் இன்னிக்கும் என் தெருவுல நடந்துகிட்டிருப்பான். அது எனக்கு வேணாம். அந்தக் கல்லாப் பொண்ணுக்கும் வேணாம்."

"அத்தை சொன்னது?" என்றார் அல்சீட் மெதுவாக. வாக்கெடுப்புக்கு அப்புறம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"அத்தை அப்படித்தான் சொல்லுவா," என்றார் பிராசோ.

"உங்க வீட்டுல கிராஃபிஷ் வேகவைக்கும்போது கூட யாரு இருப்பாங்க மிஸ்டர் பிராசோ?" என்றாள் ஒடேலியா. "கவர்னரா வருவாரு? அத்தை, மாமா, பெரியம்மா பிள்ளைங்க. அன்னிக்கு உங்களைப் பிடிச்சா உங்களுக்கு யாரு சாட்சி சொல்லுவாங்க? உங்க அத்தை சொன்னா சாட்சி. எங்க அத்தை சொன்னா வெறும் அத்தை."

மூட்டோன் தன் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பண்ணையில சமையக்கட்டுல ஒரு கரண்டி காணாமப் போனாக்கூட," என்றார், "ஆறு பேரை வரிசையா நிறுத்துவோம். இதுல யாருன்னு கேப்போம். ஒரு ஆளை மட்டும் நிறுத்திக் கேக்க மாட்டோம்."

"கரண்டிக்கு," என்றாள் ஒடேலியா.

"கரண்டிக்கு," என்றார் மூட்டோன். அதற்குமேல் அவர் வாயைத் திறக்கவில்லை.

மற்றவர்கள் பேசினார்கள். சிலர் நிஜமாகவே பேசினார்கள், சிலர் சோற்றுக்காகப் பேசினார்கள். மணி ஆனதும் பிராசோ மறுபடி கை தூக்கச் சொன்னார். கைகள் எழுந்தன. மூட்டோனின் கை கடைசியில், தோளுக்கு மேலே போகாமல் எழுந்தது.

"பத்து," என்றார் பிராசோ.

ஒடேலியா எழுந்தாள். நாற்காலியை நகர்த்திக் கதவைத் தானே திறந்து விட்டாள். தோற்றுவிட்டோம் என்று அழுகை வந்தது. அழவில்லை. இவர்கள் முன்னாலா? ஆறிப்போன கெளுத்தியை உட்கார்ந்து முழுக்கத் தின்றாள். மனுஷர்கள்மேல் இருக்கிற கோபத்தை மீன்மேல் காட்டுவது அவளுக்கு வழக்கமில்லை.

நீதிமன்றத்தில் பிராசோ எழுந்து தீர்ப்பைப் படித்தார். குற்றவாளி. பின்வரிசையில் வெர்னெல் முனகியது கேட்டது. டெரான் தன் நீளமான கோட்டுக் கைகளை மேசைமேல் வைத்து அசையாமல் இருந்தான். என்ன சொன்னார்கள் என்று புரிந்ததோ இல்லையோ. நீதிபதி ஜூரிகளுக்கு நன்றி சொல்லத் தொடங்கினார். மிஸ் டால்டன் தலையைக் குனிந்தபடி காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். இந்த வாரத்தில் அவளுக்கு இது எத்தனையாவது தோல்வியோ. ஒவ்வொருவராகக் கேட்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. கேட்கிற எண்ணமும் அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ஒடேலியா எழுந்து நின்றாள்.

"ஐயா, எங்களை ஒவ்வொருத்தரா கேக்க மாட்டீங்களா?"

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உக்காருங்க மேடம். ஜூரி கேள்வி கேக்கக் கூடாது. அதை வக்கீல்தான் கேக்கணும்."

"அப்ப வக்கீல் கேக்கட்டும்," என்றாள் ஒடேலியா. உட்காராமல் டால்டனையே பார்த்தாள்.

"மேடம், உக்காருங்கன்னு சொன்னேன்."

டால்டன் நிமிர்ந்தாள். தூக்கத்திலிருந்து தட்டி எழுப்பியவள் மாதிரி இருந்தாள். "கேக்கறேன், ஐயா," என்றாள் அவசரமாக. "ஜூரிகளை ஒவ்வொருத்தரா கேக்கும்படி கேட்டுக்கறேன்."

ஃபோரே சலிப்போடு நாற்காலியில் சாய்ந்தார். பத்துக்கு ரெண்டு. எத்தனை தடவை கேட்டாலும் அதுதானே.

குமாஸ்தா முதல் நாற்காலியிலிருந்து தொடங்கினார். இது உங்கள் தீர்ப்பா? ஆமாம். இது உங்கள் தீர்ப்பா? ஆமாம். நான்காவதில் அல்சீட் மெட்டோயர் எழுந்தார். மூட்டு வலிக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லை," என்றார். இந்தத் தடவை கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

ஏழாவது. "இல்ல," என்றாள் ஒடேலியா. "இது என் தீர்ப்பு இல்ல. நான் வீட்டுக்குப் போனாலும் இல்ல."

"ஆமாம், இல்லை, அவ்வளவு போதும்," என்றார் நீதிபதி.

"இல்ல. அவ்வளவுதான்."

எட்டு, ஒன்பது, பத்து. கார்லாவின் ஆமாம் பாதிதான் வந்தது. குமாஸ்தா பதினோராவது நாற்காலியைப் பார்த்தார்.

"மிஸ்டர் மூட்டோன், இது உங்கள் தீர்ப்பா?"

மூட்டோன் எழுந்து நின்றார். கொஞ்ச நேரம் பையனைப் பார்த்தார். பிறகு, யாரைப் பார்ப்பது என்று தெரியாதவர் போலக் கூரையைப் பார்த்தார்.

"மிஸ்டர் மூட்டோன்?"

"இல்லை," என்றார்.

ஃபோரேவின் நாற்காலி நேரானது. குமாஸ்தா எழுதுவதை நிறுத்தினார். நீதிபதி முன்னால் சாய்ந்து, "இது உங்கள் தீர்ப்பா, இல்லையா? யோசிச்சுச் சொல்லுங்க," என்றார்.

"யோசிச்சுத்தான் சொல்றேங்கய்யா. இல்லை."

பன்னிரண்டாவது நாற்காலி ஆமாம் என்றது. ஒன்பதுக்கு மூன்று. அது தீர்ப்பே ஆகாது. நீதிபதி அவர்களை மறுபடி அறைக்குள் அனுப்பினார். இப்போது யாரும் கதவை அடைக்கவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. பிராசோ மூட்டோன்மேல் பாய்ந்தார். "ராய்ஸ், இங்க கை தூக்கினியே, அங்க போய் என்ன ஆச்சு உனக்கு?"

"கைதானே தூக்கினேன் கென்ட். வாயால சொல்லச் சொன்னப்ப வரல."

அவரை ஏசிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். ஊரில் எப்படித் தலைகாட்டுவாய் என்றார்கள். மூட்டோன் பொழுது சாயும் வரை அந்த ஒரு வரியையே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒத்துப்போக முடியவில்லை என்று பிராசோவே எழுதிக் கொடுத்தார். நீதிபதி ஜூரியைக் கலைத்தார். வழக்கு இன்னொரு நாள், இன்னொரு ஜூரியின் முன்னால், முதலிலிருந்து நடக்கும்.

தாழ்வாரத்தில் ஃபோரே ஒடேலியாவை மறித்து நின்றார். சிரிப்பு இப்போதும் இருந்தது, கொஞ்சம் வெளுத்திருந்தது.

"மிஸஸ் நார்சிஸ், இந்தக் கட்டடத்துல இனிமே எந்த ஜூரியிலயும் உங்களைப் பாக்க முடியாதுன்னு நினைக்கிறேன்."

"கூப்பிடுங்க, வருவேன்," என்றாள் ஒடேலியா. "வேணாம்னா அனுப்புங்க. ஆனா என்ன காரணம்னு ஜட்ஜ் காதுல கிசுகிசுன்னு சொல்லாதீங்க. சத்தமா சொல்லுங்க. எனக்கும் கேக்கணும்." அவர் பதிலுக்குக் காத்திராமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினாள்.

வாசலில் வெர்னெல் நின்றிருந்தாள். நன்றி எதுவும் சொல்லவில்லை. கண் வீங்கியிருந்தது.

"அப்ப, பையன் வீட்டுக்கு வர்றானா?"

"இல்லம்மா. மறுபடி விசாரிப்பாங்க. அதுவரைக்கும் உள்ளதான்."

"அப்ப இன்னிக்கு என்னதான் நடந்துச்சு?"

"அவனைக் குத்தவாளின்னு சொல்லப் பாத்தாங்க. முடியல."

வெர்னெல் அதை மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். அவளுக்கு அது போதவில்லை. ஒடேலியாவுக்கும் போதவில்லைதான். "அடுத்த தடவையும் இதே மாதிரி ரெண்டு பேரைத்தானே வைப்பாங்க?"

"இனிமே ரெண்டு வைக்கப் பயப்படுவாங்க. ஒருத்தரை வைப்பாங்க. இல்ல, ஒருத்தரும் இல்லாம வைப்பாங்க. அன்னிக்கு உங்க சர்ச்சு ஆளுங்க அத்தனை பேரையும் கூட்டிட்டு வந்து பின்னால உக்காருங்க. எங்க சர்ச்சு ஆளுங்களையும் நான் கூட்டிட்டு வரேன். நம்ம ஆளு ஒருத்தரை வேணாம்னு அனுப்பறப்பல்லாம், எல்லாரும் எழுந்து நில்லுங்க. பேச வேணாம். சும்மா நில்லுங்க. அந்த அரசு வக்கீலு அத்தனை பேரையும் பாத்துக்கிட்டே அனுப்பட்டும்."

"கோர்ட்டுல அப்படி நிக்க விடுவாங்களா?"

"கேக்காதீங்க. கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாங்க."

வெர்னெல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க சர்ச்சுல பாதிப் பேரு கிழடுங்க சிஸ்டர். எல்லாருக்கும் முழங்கால் வலி."

"வலியோட நிக்கட்டும்," என்றாள் ஒடேலியா.